டீச்சர் வண்டியும் என் ரப்பர் செருப்பும்

எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வண்டி நம்பரும் என் கையெழுத்தும் மட்டும்தான். அதனால் இதில் எழுத்து கோணலாக இருக்கும், சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன். முன்பு நடந்தது பின்னால் வரலாம். நினைவும் முன்போல் இல்லை. காலையில் மாத்திரை போட்டேனா என்பதே மத்தியானம் மறந்துபோகிறது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் தருமபுரியில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவும் வேலையில் இருந்தேன். இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். என் இடத்தில் செல்வி என்ற பெண் இருக்கிறாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். போன மாதம் அவள் நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு தார்ப்பாய் உறை. இரண்டு பக்கமும் நாடா வைத்து நான் தைத்தது.

"ஆயா, நேத்து ஒரு கரன்ட் வண்டி வந்துச்சு. பானட்ட தெறந்து பாத்தா பெல்ட்டே இல்ல. இந்த உறைய எங்க கட்டறதுன்னே தெரியல" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள், "ஆமா, இத எதுக்கோசரம் தைச்சீங்க? கேட்டா யாருக்குமே தெரிய மாட்டேங்குது. கழுவறதுக்கு முன்னாடி கட்டணும்னு மட்டும் சொல்றாங்க."

"அது ஒரு பெரிய கத புள்ள" என்று காபி போட எழுந்துவிட்டேன். "அப்ப எழுதிக் குடுங்க. நம்ம சங்கத்து மலர்ல போடறாங்களாம், வேல செஞ்சு ஓஞ்சவங்க எல்லாம் எழுதறாங்க" என்று ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த நோட்டில்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. மழை வந்தால் நிலக்கடலை, வராவிட்டால் ஒன்றும் இல்லை. தொடர்ந்து வராமல் போன வருசத்தில்தான் டவுன் பஸ் ஏறினேன். முதலில் கூட்டிப் பெருக்கும் வேலை. அப்புறம் பார்ட்ஸ் கழுவும் வேலை, மண்ணெண்ணெய்த் தட்டில் பிரஷ் வைத்து. அப்புறம் வண்டி கழுவுவது. முதல் நாள் தண்ணீர்க் குழாயின் வேகம் தெரியாமல் பிடித்து, குழாய் கையிலிருந்து பாம்பு மாதிரி துள்ளி, முதலாளியின் வெள்ளை வேட்டி முழுக்க சேறு. அவர் இப்போதைய முதலாளியின் அப்பா. "மொதல்ல என்னையே கழுவிட்ட, இனி வண்டியக் கழுவு" என்றார். ஆறு மாதத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது.

சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்த்தே வண்டி எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். காரிமங்கலம் வண்டி என்றால் செம்மண், சித்திரை வைகாசியில் மாங்காய்ப் பால் கறை வேறு. அதை மண்ணெண்ணெய் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏரியூர்ப் பக்கம் என்றால் ஆற்று மணல் கலந்து வெளிறிய மண். வத்தல்மலை இறங்கி வந்த ஜீப்பில் பிரேக் வாசனை இரண்டு நாள் போகாது. புளி ஏற்றின வண்டியில் சீட்டுக்கு அடியில் கொட்டை கிடக்கும். அதை எல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

வண்டி கழுவி முடித்ததும் டீசல் அடிப்போம். எங்கள் ஊர்ப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். வண்டிக்கு அடியில் துரு பிடிக்கக்கூடாது என்று ஸ்பிரே கன்னில் டீசல் ஊற்றி, காற்றோடு சேர்த்துப் புகை மாதிரி அடிப்பது. யாராவது பளபளப்பாக வேண்டும் என்று கேட்டால் பானட்டைத் திறந்து என்ஜின் மேலும் ஒரு சுற்று அடிப்போம். கறுப்பாக இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் எண்ணெய் தேய்த்துத் தலை சீவின பிள்ளை மாதிரி மின்னும். வண்டிக்காரர் பானட்டைத் திறந்து பார்த்து முகம் மலர்ந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும். நான் யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். என் வேலைதான் என் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்கு நடுவே ஒரு சாக்கடை ஓடும், மேலே கம்பி போட்டு மூடியது. அந்தப் பக்கம் மெக்கானிக்குகள், இந்தப் பக்கம் கழுவும் இடம். அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் கால் நனையும் என்று வர மாட்டார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனால் தரை ஈரமாகும் என்று போக மாட்டோம். யாரும் போட்ட சட்டம் இல்லை. பழகிப்போனது.

இனி சிவலிங்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் போர்மேன். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர், ஆனாலும் நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பு செய்தால் அவனைத் தனியாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். அதனாலேயே பையன்கள், "சார் டீ வாங்கித் தர்றேன்னா ஓடிடு" என்று கேலி பேசுவார்கள்.

பானட்டைத் திறப்பதற்கு முன்னால் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். எலியோ ஓணானோ உள்ளே இருந்தால் போகட்டும் என்று. கழற்றுகிற போல்ட்டுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைப்பார். முதல் குழியில் முதல் போல்ட். துணி எப்போதும் இடது பையில். எந்த மெக்கானிக் வந்து "சார், இது போயிருச்சு" என்று சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"பாத்தியா, நெனச்சியா?"

நினைத்தேன் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தச் சமயத்தில் ஏரியூர் டீச்சர் ஒருவர் எங்களிடம் வர ஆரம்பித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் தருமபுரிக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிவர வேண்டும். பஸ்ஸில் முடியவில்லை என்று ஒரு காரைக் கைமாற்றி வாங்கி, அந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். வீட்டுக்காரர் பின் சீட்டில் போர்வை போர்த்திப் படுத்திருப்பார். டீச்சர் முன்னால் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவார், கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு.

அது டீசல் ஹைபிரிட் வண்டி. முதல் தடவை வந்தபோது சிவலிங்கம் சார் பையன்களை எல்லாம் பானட்டைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னார். நான் வாளியோடு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"மத்த வண்டியில என்ஜின் சுத்தும், பெல்ட் கூடவே சுத்தும். அவ்ளோதான். இதுல சிக்னல்ல நின்னா என்ஜின் தானா அணைஞ்சுக்கும். கிளட்ச மிதிச்சா திரும்ப எடுக்கும். எது எடுக்குது? இந்தா, இந்த மோட்டார். எது வழியா? இந்த பெல்ட் வழியா. ஏத்தத்துலயும் இதுதான் என்ஜினுக்குக் கை குடுக்கும். ஆக, மத்ததுல என்ஜின் பெல்ட்ட இழுக்கும். இதுல சமயத்துல பெல்ட் என்ஜின இழுக்கும். புரியுதா?"

பையன்கள் தலையாட்டினார்கள். எனக்குப் புரிந்தது. கிணற்றில் நாம் கயிற்றை இழுக்கிறோம், கயிறு நம்மை இழுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாதாரண சர்வீஸ்தான். கடைசியில் கழுவ வந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுங்கம்மா. அவருக்கு வண்டி சுத்தமா இருந்தா மனசு நல்லா இருக்கும். வேற சந்தோசம் என்ன இருக்குது அவருக்கு" என்றார். நான் பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் அடித்தேன்.

ஒரு மாதத்துக்குள் வண்டி திரும்ப வந்தது. காலையில் எடுக்கும்போது கிரீச் என்று கத்துகிறது, சிக்னலில் நின்றால் திரும்ப எடுக்கும்போது உதறுகிறது. சார் பார்த்தார். பெல்ட் பள்ளங்கள் வழுக்கையாகி மினுமினுத்தன. பழைய பெல்ட்தானே என்று புதுசு போட்டார். கம்ப்ளைன்ட் என்று வந்த வண்டி என்பதால் சூப்பர்வைசர் எனக்குச் சொல்லி அனுப்பினார்: "இத காசு வாங்காம கழுவிக் குடுங்க, ஆனா பளிச்சுன்னு இருக்கணும். டீச்சர் மனசு கோணாம போகணும்." நான் முன்னைவிட நன்றாகவே அடித்தேன்.

இருபது நாள். மறுபடி அதே கிரீச்.

இந்தத் தடவை சார் ஒரு முழுநாள் அதற்கே கொடுத்தார். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளப் பக்கம் பீய்ச்சினார். சத்தம் கூடியது. "தண்ணி பட்டதும் சத்தம் நின்னா கப்பி கோணலா இருக்குதுன்னு அர்த்தம். கூடுச்சுன்னா பெல்ட் வழுக்குதுன்னு அர்த்தம்" என்று பையன்களுக்குச் சொன்னார். பெல்ட்டை இறுக்கமாக வைக்கிற டென்ஷனரை மாற்றினார். அதோடு விடவில்லை. நேர்க்கட்டையை வைத்து எல்லாக் கப்பிகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா பார்த்தார். ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். பெரிய கப்பியின் நடுவில் இருக்கிற ரப்பர் நழுவுகிறதா என்று சாக்பீஸால் கோடு கிழித்து ஓட்டிப் பார்த்தார். கோடு அப்படியே இருந்தது. எங்காவது ஆயில் கசிந்து பெல்ட்டில் படுகிறதா என்று என்ஜின் மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் ஓட்டினார். ஒரு ஈரக் கோடுகூட இல்லை.

"மல்லிப்பூ வாசம் அடிக்குது சார் வண்டியில" என்றான் ஒருத்தன்.

"கசிவு இல்லன்னு பாத்தாச்சு" என்றார் சார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

புது பெல்ட் போட்டு வண்டி கம்பியைத் தாண்டி என்னிடம் வந்தது. டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வெச்சிருந்தவரு நாலு வருசமா ஒரே பெல்ட்டுல ஓட்டினாராம். உங்க கடைக்கு வந்ததுல இருந்து பெல்ட்டு குட்டி போட்டுக்கிட்டே இருக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களச் சொல்லலைங்க. இங்க வேலய ஒழுங்கா செய்யறது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஸ்பிரே கன்னை இன்னொரு தடவை நிரப்பினேன்.

அடுத்தது இண்டூர் பக்கத்தில் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கழன்றுவிட்டது. தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான். என்ஜின் சூடேறி டீச்சர் பயந்து ஓரம் கட்டிவிட்டார். வெயில். தக்காளிக் கூடை ஏற்றி வந்த ஒரு சின்ன வண்டிக்காரர் கூடைகளை ஒதுக்கி இடம் செய்து, டீச்சர் வீட்டுக்காரரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நேரம் தவறிப்போய் அன்றைக்கு அவருக்குச் சுத்தம் செய்தது பாதிதான்.

டீச்சர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, "எனக்கு வண்டி வேண்டாங்க. அவரு உயிரு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போனார்.

அவர் போன பிறகு முதலாளி பேசியது கழுவும் இடம் வரை கேட்டது. "சிவலிங்கம், மூணு தடவ ஆச்சு. ஒரு பெல்ட்டு மாட்டத் தெரியாத ஆள போர்மேனா வெச்சிருக்கேன்னு ஊரே சிரிக்குது. சனிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

சார் வெளியே வந்து டீச்சர் வண்டியின் பானட்டை இரண்டு தட்டு தட்டித் திறந்தார். மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கழற்றின பழைய பெல்ட்டுகளை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். தீவனக் கட்டு கட்ட, தகரம் பறக்காமல் இழுத்துக் கட்ட, சுருட்டி வைத்தால் குடத்துக்குப் பிரிமணை, எல்லாவற்றுக்கும் ஆகும். டீச்சர் வண்டி பெல்ட்டுகளும் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கின. கிழிந்ததையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தீவனம் கட்ட ஒன்றை எடுத்தேன். இழுத்ததும் கையில் கறுப்பு ஒட்டியது. பள்ளப் பக்கம் பிட்டு மாதிரி உதிர்ந்தது. பக்கத்தில் வேறு ஒரு வண்டியின் பெல்ட், அதைவிட எத்தனையோ வருசம் பழசு, கெட்டியாகக் காய்ந்து வெடித்திருந்தது. இது மட்டும் ஏன் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மெத்தென்று இருக்கிறது?

யோசித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். வலது கால் செருப்பின் வார் பிய்ந்துகொண்டு வந்தது.

கழுவும் இடத்தில் எனக்கு ரப்பர் செருப்பு இரண்டு மாதம் தாங்காது. அடியில் டீசல் தேங்கி நிற்கும். அதிலேயே நின்று நின்று செருப்பு ஒரு விரற்கடை நீண்டு, உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். வார் ஓட்டை பெரிதாகி வார் கழன்றுவிடும். எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார், "உன் காலு வளருதா, செருப்பு வளருதா?" என்று. எத்தனையோ வருசமாக வாங்கி வாங்கிப் போட்டேன். டீசல் பட்டால் ரப்பர் இளகும் என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியும். ஆனால் நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்ததில்லை.

பெல்ட்டை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் வைத்து அமுக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கின. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"என்னாச்சு? தல சுத்துதா?"

"டீச்சர் வண்டிய நாந்தான் கெடுத்திருக்கேன்."

அவருக்குப் புரியும்படி சொன்னேன். அவர், "யாருக்குத் தெரியும்? சும்மா இரு. இனிமே அடிக்காம வுட்டுரு, தானா சரியாப் போவுது" என்றார்.

அதுவும் நடந்திருக்கும். நான் என்ஜினுக்கு அடிக்காமல் விட்டிருந்தால் அடுத்த பெல்ட் நிலைத்திருக்கும். ஆனால் அது நிலைத்தது தெரிய ஒரு மாதம் ஆகும். சாருக்குச் சனிக்கிழமை வரைதான். அன்றைக்கே சனிக்கிழமை.

டவுன் பஸ்ஸில் போகும்போது முழுக்க என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. சார் கண்ணாடி அறைக்குள் முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருசத்தில் அந்த அறையைத் துடைக்கத்தான் உள்ளே போயிருக்கிறேன், ஆள் இருக்கும்போது போனதில்லை. போனேன்.

முதலாளி என் கையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா இது? செருப்ப கையில எடுத்துக்கிட்டு உள்ள வர்றீங்க?"

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. வெளியே மெக்கானிக் பையன்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க முதலாளி. இது பெல்ட்டுங்க" என்று உளறினேன்.

"எது பெல்ட்டு? செருப்பா?"

"இது செருப்புங்க. இது பெல்ட்டுங்க. ரெண்டும் ஒண்ணா ஆயிருச்சுங்க. நாந்தான் டீசல் அடிச்சேன். ஒவ்வொரு தடவயும் என்ஜின்ல அடிச்சேங்க. புது பெல்ட்டு மேலயே அடிச்சேன். சார் மேல தப்பு இல்லீங்க."

முதலாளி சிரித்தார். "எங்கப்பா காலத்துல இருந்து அடிக்கறோம். டீசல் பட்டு பெல்ட்டு போனா இந்த ஊர்ல ஒரு வண்டி ஓடாது. போம்மா, போய் வேலயப் பாரு."

சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, தன் பையன்களைக் கேட்கிற அதே குரலில், ஆனால் மரியாதையோடு கேட்டார்.

"பாத்தீங்களா அக்கா, நெனச்சீங்களா?"

"பாத்தேங்க. தொட்டுப் பாத்தேன்."

அவர் என் கையிலிருந்து இரண்டையும் வாங்கினார். ஆமாம், செருப்பையும்தான். நான் கொடுக்க மாட்டேன் என்று பின்னால் இழுத்தும் வாங்கினார். அமுக்கினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு முதலாளியிடம், "மத்த வண்டியில பெல்ட் லேசா வழுக்கினா கத்தும், அவ்ளோதான். நாமளும் டீசல் வண்டின்னா கத்தும்னு வுட்டுருவோம். இதுல பெல்ட்தான் என்ஜின இழுக்கணும். வழுக்கற பெல்ட்டால எப்படி இழுக்க முடியும்?" என்றார். "திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க."

ஒரு புத்தம்புது பெல்ட்டிலிருந்து இரண்டு துண்டு வெட்டினார். ஒரு ஊறுகாய் பாட்டிலில் டீசல், இன்னொன்றில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போட்டு மூடி, முதலாளி மேசையிலேயே வைத்தார். திங்கட்கிழமை காலை இரண்டையும் எடுத்துத் துடைத்து, அளக்கும் கருவியில் வைத்து முதலாளியையே படிக்கச் சொன்னார். தண்ணீரில் கிடந்தது அப்படியே இருந்தது. டீசலில் கிடந்தது உப்பி, நகத்தால் கீறினால் வந்தது. முதலாளி இரண்டு தடவை அளந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

எங்களிடம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கார்டு உண்டு. திரும்பி வந்த வண்டி என்றால் அதில் காரணம் எழுத வேண்டும், யாருடைய தவறு என்றும் எழுத வேண்டும். முதலாளி அந்தக் கார்டை நகர்த்தி, "இந்தம்மா பேருல எழுதிட்டு, கழுவறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றார்.

"அவங்க கையில டீசல் கேனக் குடுத்தது யாருங்க? எத எங்க அடிக்கணும்னு சொல்ல வேண்டியது யாரு?" என்றார் சார். "மூணு தடவ அந்த வண்டிய கம்பி தாண்டி அனுப்பிட்டு, அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நான் ஒரு தடவகூட வந்து பாக்கல. வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

பிறகு பேனா எடுத்து இங்கிலீசில் ஒரு வரி எழுதினார். நீளமான வரி இல்லை. முதலாளி படித்தார். சாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "போய் வேலயப் பாருங்க ரெண்டு பேரும்."

டீச்சர் வண்டிக்குப் புது பெல்ட் போட்டோம். கப்பிகளை சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு முதல் தடவையாக சார் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கால் நனைய நின்று, நான் கழுவுவதைக் கடைசி வரை பார்த்தார். நான் டீசல் கேனைத் தொடவில்லை. டீச்சரிடம் நானே சொன்னேன். அவர், "அப்ப நான் பாராட்டப் பாராட்ட நீங்க அடிச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "அடுத்த தடவ பளபளன்னு வேண்டாம். அழுக்கா இருந்தாலும் ஓடினா போதும்" என்றார். வீட்டுக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா?" என்றார். பின் சீட்டிலிருந்து அவர் கை மட்டும் வெளியே வந்து ஆடியது. அந்த பெல்ட் அவர் இருந்த வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகும் ஓடியது.

என்ஜினில் டீசல் அடிக்கக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது. அடியில் அடிக்கும்போது மேலே தெறிக்காமல் இருக்கத்தான் அந்த உறையைத் தைத்தேன், செல்வி. எதுக்கோசரம் என்று கேட்டாயே, இதுக்கோசரம்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதே வருசம் காரிமங்கலத்தில் எங்கள் முதலாளி ஒரு கிளை திறந்தார். சிவலிங்கம் சார்தான் அதற்குப் பொறுப்பாகப் போவார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். பையன்கள் மாலைகூட பேசி வைத்திருந்தார்கள். வேறு ஒருவரை அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று முதலாளி சொல்லவில்லை, சாரும் கேட்கவில்லை. இரண்டு வருசம் கழித்து அவராகவே ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். கிளம்புகிற அன்று கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து, "வர்றேன் அக்கா" என்றார். நான் வாய்வரை வந்ததைக் கேட்காமல், "நல்லா இருங்க சார்" என்றேன். இங்கிலீசில் எழுதின அந்த வரியைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் இருக்கும்வரை வெட்கம், போன பிறகு பயம்.

நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். கிழிந்துபோனது மூன்றாவது பெல்ட்டா நான்காவதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பவுடர் தூவியது எந்தத் தடவை என்பதும். பழைய கார்டுகள் எல்லாம் ஸ்டோர் ரூம் பரணில் கட்டுக் கட்டாக இருக்கும், கரையான் அரிக்காமல் இருக்க நான்தான் வேப்பிலை போட்டு வைத்தேன். ஏரியூர் டீச்சர் வண்டி கார்டை எடுத்து, தேதி, கணக்கு எல்லாம் சரிபார்த்துவிடு, செல்வி. உனக்கு இங்கிலீஷ் படிக்க வரும். கடைசியில் சார் எழுதின வரியையும் படி. அதில் என் பெயர் இருந்தால் இதை இப்படியே மலரில் போடச் சொல். அவர் பெயர் இருந்தால், கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்: டீசல் அடித்தது மாதம்மாள்.